78,000 ரூபாயை விழுங்கிய டபிள்யூ

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்துவிட்டது. பெயர் பொருந்தவில்லையாம், மாடியில் போட்ட சோலார் பேனலுக்கான மானியக் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மூன்றாவது முறை. பிரஷ் வாயில் இருக்கும்போதே ஒரு வார்த்தை சொன்னேன். நல்லவேளை நுரையோடு நுரையாகப் போய்விட்டது, பக்கத்தில் நின்ற அம்மாவுக்குப் புரியவில்லை.

"சாமி" என்று முடியும் பெயரோடு இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். கரண்ட் பில்லில் என் சாமிக்கு நடுவில் ஒரு டபிள்யூ இருக்கிறது. பேங்கில் இல்லை. ஆதாரில் டபிள்யூவும் இல்லை, இன்ஷியலும் இல்லை, அப்பா பெயர் முழுதாக வால் மாதிரி பின்னால் தொங்குகிறது. பில்லில் இன்ஷியல் முன்னால், புள்ளியோடு. பேங்கில் பின்னால், புள்ளி இல்லாமல். ஆக ஒரே ஆள், மூன்று அவதாரம். அப்பா போன பிறகு வீட்டு இணைப்பை என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தபோது நான் டபிள்யூ போடவில்லை, சத்தியமாக. அங்கே உட்கார்ந்திருந்த யாரோ மரியாதைக்காகச் சேர்த்திருக்கிறார் போல. அன்றைக்கு நானும் சிரித்துவிட்டு வந்தேன். சாமி ஸ்வாமி ஆனால் என்ன, பல்பு எரிந்தால் சரி.

19 வருஷமாக அந்த டபிள்யூவோடுதான் பில் கட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கவுண்டரில் கட்டினேன், அப்புறம் போனில் கட்டினேன். டபிள்யூ இல்லாத பேங்க் கணக்கிலிருந்து டபிள்யூ இருக்கும் பில்லுக்கு 19 வருஷம் பணம் போயிருக்கிறது. யாராவது ஒருத்தர், "ஐயா, நீங்கள் வேறு ஆள் போலத் தெரிகிறதே, உங்கள் பணம் எங்களுக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார்களா? வாங்கும்போது எந்தச் சாமியும் சாமிதான். கொடுக்கும்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீட்டு மாடியில் பேனல், அதற்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். இந்தக் கணக்கை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஏனென்றால் அந்த 78,000-ஐ நம்பித்தான் வீட்டுக்காரி செயினைக் கொண்டுபோய் அடகு வைத்திருக்கிறேன். முழுப்பணத்தையும் முதலில் நாம் போட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும், 30 நாளில் ஏறும் என்று பேனல் மாட்ட வந்த பையன் கையில் அடித்துச் சொன்னான். இன்றோடு நான்கு மாதம். நகைக்கு வட்டி மட்டும் எந்தப் பெயர்ப் பொருத்தமும் பார்க்காமல் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பேங்குக்குப் போனேன். எந்த பேங்க் என்று கேட்காதீர்கள், உங்களுக்கும் அங்கே கணக்கு இருக்கலாம். உள்ளே போனதும் டோக்கன். என்னுடையது 64. போர்டில் 31 ஓடுகிறது. ஏசி மேனேஜர் அறைக்குள் மட்டும். வெளியே எங்களுக்கு, தலையை ஆட்டி "இல்லை, இல்லை" என்று சொல்லும் ஒரு ஃபேன். சரி, இருக்கிற நேரத்தில் பாஸ்புக் பதியலாம் என்று அந்த மெஷினில் வைத்தேன். அது பாதியை இழுத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்துவிட்டது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. காவலாளி வந்து மெஷினை முதுகில் இரண்டு தட்டு தட்டினார், விக்கல் எடுத்த குழந்தையைத் தட்டுவது மாதிரி. பாஸ்புக் வந்தது, கடைசிப் பக்கம் மடங்கி, மேலே என் பெயர், டபிள்யூ இல்லாமல், பளிச்சென்று.

பன்னிரண்டே முக்காலுக்கு என் முறை.

"என்னங்க சார்?"

"பேர்ல ஒரு டபிள்யூ சேர்க்கணுங்க மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குங்க?"

"கரண்ட் பில்லுல இருக்குதுங்க. சோலார் மானியம் வரணும்."

"அப்ப அதை அங்க போய் எடுக்கச் சொல்லுங்க."

"அங்க கேட்டேனுங்க. பத்திரத்துல வேற மாதிரி இருக்குது, அதை மாத்தணும், அதுக்கு நாளாகும், பேங்க்ல ஒரு எழுத்துத்தானே, சேர்த்துட்டு வாங்கன்னாங்க."

"ஆதார்ல எப்படி இருக்குது?"

"டபிள்யூ இல்லைங்க."

"அப்ப நாங்க வெச்சிருக்கறதுதான் சரி."

சரிதான். அவர்கள் வைத்திருப்பது சரி. ஆதாரும் சரி. 19 வருஷம் பில் போட்டவர்களும் சரி, டெல்லியில் உட்கார்ந்து இணையதளம் செய்து வைத்தவர்களும் சரி. எல்லாரும் சரியாக இருக்கும் இந்த உலகத்தில் தப்பு செய்தது எங்கள் அப்பா ஒருத்தர்தான். மணி, கண்ணன் என்று ஏதாவது வைத்துத் தொலைத்திருக்கலாம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு பெற்றாராம், அதனால் சாமி.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருத்தர் என் தோள் மேலாக எட்டிப் பார்த்து, "எனக்கு மூணு பேருங்க. ரேஷன் கார்டுல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, பென்ஷன்ல ஒண்ணு. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே சுகர் மாத்திரை" என்றார். கவுண்டர் மேடமே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவர் ஒரு வழி சொன்னார், மேடம்தான். கெசட்டில் பெயர் மாற்றிக்கொண்டு வரலாமாம். ஒரு டபிள்யூவுக்குத் தமிழ்நாடு அரசிதழ்! இல்லாவிட்டால் நோட்டரியிடம் போய், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று எழுதி வாங்கி, அதை அந்த இணையதளத்தில் ஏற்றிப் பாருங்கள், சிலருக்கு அப்படி வந்திருக்கிறது என்றார். "சிலருக்கு" என்பதை அழுத்திச் சொன்னார்.

போனேன். முத்திரைப் பத்திரம் வாங்கினேன். கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எஸ்... டபிள்யூ... ஏ... எம்... ஒய். அவர் தலையாட்டிக்கொண்டே அடித்தார். நடுவில் டீ வந்தது, எனக்கும் ஒன்று சொன்னார், நல்ல மனுஷன். கையெழுத்து, முத்திரை, 300 ரூபாய். வீட்டுக்கு வந்து போட்டோ எடுத்து ஏற்றினேன். ஏற்றிய பிறகு காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படித்தேன்.

டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் வி.

ஆக இப்போது நான்கு அவதாரம். டபிள்யூ இருக்கிற சாமியும் டபிள்யூ இல்லாத சாமியும் வேறு வேறு ஆளில்லை, இருவரும் ஒருவரே என்று முத்திரை குத்திச் சத்தியம் செய்வது மூன்றாவதாக ஒரு சாமி. இன்று காலை வந்த மெசேஜின் கதை இதுதான்.

இதையெல்லாம் மறக்கலாம் என்று மாடிக்குப் போனால் அங்கே அம்மா. ஜவ்வரிசி வத்தல் பிழிந்து பழைய வேட்டியில் பரப்பியிருந்தார். பேனல் போட்டபிறகு வெயில் விழும் இடம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு முக்கோணம் மட்டும்தான். சூரியன் நகர நகர வேட்டியை இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. "வெயிலையெல்லாம் இதே குடிச்சுட்டா வத்தல் எப்படிக் காயும்? காசும் வரலை, வத்தலும் காயலை" என்றார். அம்மா சொல்வதில் எனக்குத் தெரிந்து ஒரு பிழையும் இல்லை.

பில் குறைந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவீர்கள். 4,000-க்கு மேல் வந்தது இப்போது நூறுகளில் வருகிறது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை காட்டுகிறது. இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம். ஆனால் போன வாரம் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லை. எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "உங்களுக்கென்னங்க, சோலார் இருக்குது" என்றார். பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்து இப்படிக் கேட்கிறார். லைனில் கரண்ட் இல்லாவிட்டால், பேனல் கரண்டை வீட்டுக்கும் லைனுக்கும் மாற்றிக் கொடுக்கும் இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு என் மாடியிலிருந்து போய் ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக. காரணம் நியாயமானது, அந்த மனுஷன் நல்லபடியாக வீடு போய்ச் சேரட்டும். ஆனால் உச்சி வெயிலில், தலைக்கு மேல் ஏறக்குறைய இரண்டு லட்சத்தைக் காய வைத்துவிட்டு, கீழே பனையோலை விசிறியால் விசிறிக்கொள்ளும்போது நியாயம் காற்று தருவதில்லை. பேட்டரியோடு போட்டிருந்தால் ஓடும் என்றான் அந்தப் பையன். எப்போது சொன்னான்? மாட்டி முடித்து ஏணியை மடக்கும்போது.

எனக்கும் மானியத்துக்கும் ராசி இல்லை என்பது 2023-லேயே தெரிந்திருக்க வேண்டும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர். மே மாதம் போய் விலை கேட்டாயிற்று, கலர்கூடப் பார்த்தாயிற்று. அம்மா, "அவசரப்படாத, வளர்பிறை, வைகாசி விசாகம் வருது, முருகன் நாள், அன்னிக்கு எடு" என்றார். அந்த வருஷம் விசாகம் ஜூன் 2. ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து மானியத்தை வெட்டிவிட்டார்கள். பேட்டரியில் ஒரு கிலோவாட் ஹவருக்கு, அதாவது ஒரு யூனிட் கரண்ட் பிடிக்கும் அளவுக்கு, 15,000 என்றிருந்தது 10,000 ஆனது, வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்றிருந்த உச்சவரம்பு 15 சதவீதமானது. மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் கடைக்குப் போன எங்களிடம், போன வாரம் சொன்னதைவிட இருபதாயிரத்துக்கு மேல் கூடுதலாக ஒரு தாளை நீட்டினார்கள். என் மச்சான் மே கடைசியில் ஏதோ ஒரு ராகுகாலத்தில் எடுத்தான். அவன் வண்டியும் ஓடுகிறது.

அதற்கப்புறமாவது ஒரு நிலைக்கு வந்ததா? 2024 மார்ச்சோடு அந்தத் திட்டமே முடிந்தது, ஆறு மாதத்துக்கு இன்னொரு பெயரில் ஒன்று வந்தது, அக்டோபரில் வேறு பெயரில் வேறொன்று. கிலோவாட் ஹவருக்கு 5,000, வண்டிக்கு 10,000-க்கு மேல் கிடையாது. அடுத்த வருஷம் அதிலும் பாதி. அம்மா வளர்பிறை பார்த்தார், மானியம் தேய்பிறையில் போய்க்கொண்டிருந்தது. கவனித்தீர்களா, திட்டம் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதற்கு நோட்டரி தேவையில்லை. இந்த அழகில் மச்சான் தன் வண்டியில் ஏற்காடு 20 கொண்டை ஊசியும் ஏறி இறங்கியதை, இறங்கும்போது பேட்டரி கொஞ்சம் ஏறியதையும் சேர்த்து, ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்கிறான். சொல்லட்டும். அவன் பெயரும் சாமியில்தான் முடிகிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்த மாதம் மாடியில் பேனல் போடப்போகிறானாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் என் மகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். டபிள்யூவுக்காக ஆட்டோ, பத்திரம், நோட்டரி, ஜெராக்ஸ், இரண்டு நாள் லீவு. "அப்பா, நீங்களே பேரை மாத்திக்கிட்டு ஸ்வாமியாவே ஆயிடுங்களேன், காவி கட்டிக்கலாம்" என்றான். வீட்டுக்காரி வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

சரி, மனசு ஆறட்டும் என்று சாயங்காலம் நான்கு ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிடப் போனேன். இரண்டு தட்டுவடை, நடுவில் கேரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. இவ்வளவுதான் ஐயா, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இவ்வளவுதான். கடைக்காரத் தம்பி என்னைக் கேட்காமலே மேலே சீஸைத் துருவிப் போட்டு, அதன்மேல் மயோனைஸைப் பிதுக்கி நீட்டுகிறான். "ஸ்பெஷல் செட்டுங்கண்ணா, 30 ரூபா எக்ஸ்ட்ரா." யார் கேட்டது? தட்டுவடை செட்டில் மயோனைஸ் போடலாம் என்று இந்தச் சேலத்தில் முதன்முதலில் யோசித்த ஆள் யார்? அவன் பெயர் மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஸ்பெல்லிங் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.