மூன்று கட்டை வள்ளி

(மேலூர் பக்கம் ஒரு கிராமம். பங்குனித் திருவிழா. இரவு பத்தரை மணி. கோயில் திடலில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார் மாமனார், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பக்கத்தில் சென்னை மாப்பிள்ளை, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல்.)

மாப்பிள்ளை: எத்தனை மணிக்கு முடியும் மாமா?

மாமனார்: விடிந்தால் முடிந்துவிடும்.

மாப்பிள்ளை: கச்சேரி என்றுதானே சொன்னீர்கள்!

மாமனார்: கச்சேரிதான். விடிய விடிய வேஷம் கட்டி நிற்க முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் கதாநாயகன் வேஷம் கட்டும் மூத்த ராஜபார்ட்டும் கதாநாயகி வேஷம் கட்டும் மூத்த ஸ்திரீபார்ட்டும் உட்கார்ந்தபடியே வள்ளி திருமணப் பாட்டையும் தர்க்கத்தையும் மட்டும் பாடுகிறார்கள். நாரதரும் ராஜபார்ட்டே, வேலனும் அவரே.

மாப்பிள்ளை: அப்படியானால் அந்தப் பாட்டி...

மாமனார்: மெதுவாகப் பேசுங்கள். எழுபத்திரண்டு வயது. தினைப்புனம் காக்கும் கன்னி.

மாப்பிள்ளை: பரண் எங்கே?

மாமனார்: அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான் பரண். உங்கள் அத்தையை நான் பெண் பார்க்கப் போன வருஷம் அந்தம்மா ஐந்தரைக் கட்டையில் பாடுவார். இப்போது மூன்று கட்டை.

மாப்பிள்ளை: கட்டையா?

மாமனார்: ஆர்மோனியத்தில் சுருதி, மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: சரி, மிச்சம் இரண்டரைக் கட்டை?

மாமனார்: நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறாரே, கைத்தடி. அதுதான்.

மாப்பிள்ளை: இந்த வயதில் ஒத்திகைக்கு வேறு அலைந்திருப்பார்கள், பாவம்.

மாமனார்: ஒத்திகையா? அவர் புதுக்கோட்டை, அந்தம்மா திண்டுக்கல், ஆர்மோனியம் மதுரை. ஸ்பெஷல் நாடகம் என்றாலே ஆளுக்கொரு ஊரிலிருந்து பெட்டியோடு பஸ் ஏறி வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். 1922இல் காலமான சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். நடுவில் பேசுவது அன்றன்றைக்குச் சமைப்பது.

மாப்பிள்ளை: எங்கள் ஆபீசில் பத்து நிமிஷம் பேசுவதற்கு முன்னால் மூன்று மீட்டிங் போடுவோம்.

மாமனார்: அதனால்தான் யாரும் பாய் விரித்துக் கேட்பதில்லை.

(மேடையில் நாரதர், வள்ளி தர்க்கம் சூடு பிடிக்கிறது.)

மாப்பிள்ளை: மாமா, வள்ளி திருமணத்தில் பஸ் சார்ஜ் எங்கே வருகிறது?

மாமனார்: (காதைக் கொடுத்து) மாசியில் ஏதோ ஊரில் அந்தம்மாவுக்கு இவர் தர வேண்டிய வண்டிக்கூலி பாக்கி போலிருக்கிறது. தர்க்கத்தோடு தர்க்கமாகக் கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளை: நாரதர் என்ன சொல்கிறார்?

மாமனார்: முற்றும் துறந்த முனிவனிடம் சில்லறை ஏது என்கிறார்.

(டணார் என்று ஒரு சத்தம்.)

மாப்பிள்ளை: அது யார்?

மாமனார்: ஆல்ரவுண்டு. ஜால்ராவும் அவர்தான், இடி மின்னலும் அவர்தான். இந்தச் சுற்று அந்தம்மாவுக்கு என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று.

(ராஜபார்ட் வேலனாகி 'காயாத கானகத்தே' எடுக்கிறார்.)

மாப்பிள்ளை: மேலே போகும்போது குரலே வரவில்லையே!

மாமனார்: வராது. கையைத் தூக்கினார், பார்த்தீர்களா? சுரம் அங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார். ஆர்மோனியக்காரர் அதைத் தொட்டுவிட்டார். முப்பது வருஷம் கேட்ட காது மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை: எனக்கு முப்பது நிமிஷக் காதுதானே மாமா.

மாமனார்: எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய பாட்டு இது. அவர் வேலன், கே.பி. சுந்தராம்பாள் வள்ளி. கிட்டப்பா 1933இல் போனபோது வயது 27. அவருக்குப் பிறகு இதைப் பாடுகிற எல்லாரும் அவரிடம் தோற்கிறவர்கள்தான். எவ்வளவு அழகாகத் தோற்கிறார்கள் என்று பார்க்கத்தான் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறோம்.

(கரண்ட் போகிறது. மைக்செட் அடங்குகிறது. திடலில் கசமுசா.)

மாப்பிள்ளை: அப்பாடா! கிளம்பலாமா?

மாமனார்: உஷ்.

(இருட்டில் நாற்காலி கிறீச்சிடுகிறது. கைத்தடி பலகையில் ஒரு தட்டு. அந்தம்மா எழுந்து நிற்கிறார். 'ஆலோலம்' என்று ஒரே இழுப்பு. கடைசி வரிசையில் வறுத்த கடலை விற்பவர் கரண்டியை நிறுத்துகிறார். வேப்பமரத்தில் படபடவென்று சத்தம். தூங்கிக்கொண்டிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போகின்றன.)

மாமனார்: கிளியை விரட்டச் சொன்னால் காக்கையை விரட்டிவிட்டார்!

மாப்பிள்ளை: (எழுந்து நின்று) ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!

மாமனார்: உட்காருங்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது. காக்கையும் திரும்பி வர வேண்டும் இல்லையா?

(கரண்ட் வருகிறது.)

மாமனார்: ஒரு இருநூறு ரூபாய் இருந்தால் கொடுங்கள். மேடையில் கொடுத்தால் மைக்கில் பெயர் சொல்வார்கள்.

மாப்பிள்ளை: நான் கையில் பணமே வைத்துக்கொள்வதில்லை மாமா. எல்லாம் போனில்தான்.

மாமனார்: ஆர்மோனியப் பெட்டியின் முன்பக்கம் பாருங்கள்.

மாப்பிள்ளை: க்யூஆர் கோடு!

(மாப்பிள்ளை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மேடையடிக்குப் போய்ப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்புகிறார்.)

ராஜபார்ட்: (மைக்கில்) சென்னை மாப்பிள்ளை அவர்கள் அன்பளிப்பு ரூபாய் இருநூறு! இத்துடன் வள்ளியின் வண்டிக்கூலிப் பாக்கி தீர்ந்தது!

மாப்பிள்ளை: மாமா! அவர் கடனை நான் எதற்கு அடைக்க வேண்டும்?

மாமனார்: நாரதர் என்றால் சும்மாவா? பாயை இப்படி இழுங்கள், யானை வருகிற கட்டம்.

மாப்பிள்ளை: யானைக்கு யார்?

மாமனார்: ஆல்ரவுண்டு.