ஓடுகிற காரை ஓட விடுங்கள்

அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் நீட்டி எழுதப் போவதில்லை. பழைய கார்களுக்கான பந்தயத்தில் அறுபதுகளின் ஜி.டி. கார் ஒன்று, அதாவது ரோட்டிலும் ரேஸிலும் ஓடிய வேகக் கார், வளைவில் பின்பக்கம் வழுக்கி, டயர் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. ஓட்டியவர் தானே கதவைத் திறந்து இறங்கி நடந்து போனார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அதற்குக் கீழே நம் ஆட்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

"பணத்திமிர்." "மியூசியத்தில் வைக்க வேண்டியதை இப்படி நாசம் பண்ணுகிறார்களே." "கோடி கோடியாகக் கொட்டி வாங்கி உடைக்கிறான், அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம்." கடைசி வரியை எழுதியவன் என்னோடு கல்லூரியில் படித்தவன். வருஷா வருஷம் செப்டம்பரில் இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் தளத்தில் நடக்கும் பழைய கார் பந்தயத்துக்குப் போய் அந்தக் கூட்டத்தில் நிற்பவன் நான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினான், என்னை டேக் பண்ணவும் செய்தான். சரி, பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஓடினால்தான் அது பிழைக்கும். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான், கீழே எத்தனை பத்தி எழுதினாலும் இதையேதான் சொல்லப் போகிறேன்.

முதலில் இவை என்ன மாதிரிக் கார்கள் என்று பாருங்கள். 1960இலும் 61இலும் குட்வுட்டில் நடந்த டூரிஸ்ட் டிராபி பந்தயத்தை பிரிட்டிஷ் ரேஸ் ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் ஜெயித்தார், இரண்டு முறையும் ஃபெராரி 250 ஜி.டி. ஷார்ட் வீல்பேஸ் என்ற காரில். அந்தக் காரில் ரேடியோ இருந்தது. பந்தயத்தில் முன்னால் போய்க்கொண்டே, அதே பந்தயத்தின் வர்ணனையை ரேடியோவில் கேட்டார் மனிதர். ரோட்டுக்கும் ரேஸுக்கும் ஒரே கார் என்றால் அதுதான். இத்தாலியில் நடந்த 1955 மில்லே மில்லியா பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஷியாவில் கிளம்பி ரோம் போய் மறுபடி பிரெஷியா, ஆயிரம் மைல், எல்லாம் பொதுச் சாலை. அதில் ஜான் ஃபிட்ச் ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., கதவு இறக்கை மாதிரி மேலே திறக்குமே அந்தக் கார், ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்தது. அதற்கு முன்னால் வந்தவற்றில் பந்தயத்துக்கென்றே கட்டிய கார்கள் இருந்தன. இது ஷோரூமில் விற்ற கார். இப்படிப்பட்ட ஒன்றைக் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, "தொடாதீர்கள்" என்று பலகை வைத்து நிறுத்த வேண்டும் என்கிறீர்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டில் என் சித்தப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. வண்டலூரில் செய்த கார், ஆனால் உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். அந்தக் காரின் பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுக்கக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் அப்படியே வெளியே தெரியும். சித்தப்பா கார்புரேட்டரில் கை வைத்திருப்பார், நான் முன் டயர்மேல் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். கார்கள்மேல் எனக்கு இருக்கும் கிறுக்கு அந்த டயரில் உட்கார்ந்து வந்தது. சித்தப்பா ஒரு காலத்தில் சென்னைப் பக்கம் சோழவரத்தில் நடந்த ரேஸுக்கெல்லாம் போனவர். வீட்டில் அவர் ஒருவர்தான் என்னை "எதுக்குடா இதெல்லாம்" என்று கேட்காதவர்.

அப்புறம் மாருதி வந்தது. ஹெரால்டைக் கொட்டகைக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டார். "பத்திரமா இருக்கட்டும்டா, பொறவு எடுத்துக்கலாம்" என்றார். யாரும் அதை இடிக்கவில்லை, யாரும் அதில் வேகமாகப் போகவில்லை. உங்கள் கணக்கில் அது பத்திரமாகத்தான் இருந்தது. பல வருஷம் கழித்துத் தார்ப்பாயை எடுத்தபோது டேங்கில் இருந்த பெட்ரோல் பிசினாகியிருந்தது. பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொண்டது. ஒயரையெல்லாம் எலி தின்றிருந்தது. நாலு பேர் தள்ளியும் சக்கரம் அசையவில்லை. கடைசியில் காயலான் கடைக்காரர் செயின் போட்டு இழுத்துக்கொண்டு போனார். சித்தப்பா வாசலுக்கே வரவில்லை.

பாதுகாப்பது என்றால் நிறுத்தி வைப்பது என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதற்கு இதுதான் காரணம்.

"அது கொட்டகை, நாங்கள் சொல்வது மியூசியம்" என்பீர்கள். ஏ.சி. போட்டாலும் ஆயில் சீல் காயத்தான் செய்யும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். நான் மேலே சொன்ன 300 எஸ்.எல். விஷயமே இருக்கிறது. அதன் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பம்ப், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் சுற்றி நிற்கும்வரை பெட்ரோலை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயில் நீர்த்துப்போகும். நீண்ட தூரம் சூடேற ஓட்டினால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். ஷெட்டிலிருந்து வாசல்வரை எடுத்து போட்டோ பிடித்துவிட்டு மறுபடி உள்ளே விடுவதுதான் அந்த எஞ்சினுக்குக் கெடுதல். இதை நான் ஆசைக்காகச் சொல்லவில்லை, அதன் அமைப்பே அப்படி.

கார் மட்டும் இல்லை, கைவேலையும் போய்விடும். குட்வுட்டில் பந்தயத்துக்கு முன்னால் கார்கள் நிற்கும் கொட்டகைப் பக்கம் போய் நின்று பார்த்தால் தெரியும். ஒரு ஃபெராரியின் பன்னிரண்டு பிளக்கையும் கழற்றி ஒரு துணிமேல் வரிசையாக வைத்திருந்தார் ஒரு பெரியவர். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இருபது வயசுகூட இருக்காது. ஒவ்வொரு பிளக்கின் நுனியையும் அவளிடம் காட்டினார். வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஒன்றில் மட்டும் கரி. அவளே போய் அந்த சிலிண்டருக்கான வெப்பர் கார்புரேட்டரில் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளைக் குழாயை, கழற்றி, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மியூசியத்தில் நிற்கும் காரில் அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை? துடைக்கிற வேலைதான்.

நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் ஓடுவதால்தான் திருவிழாவுக்கு முன்னால் தச்சரும் கொல்லரும் வந்து அச்சைத் தட்டிப் பார்க்கிறார்கள், முட்டுக்கட்டை போடத் தெரிந்த ஆளுக்கு ஊரில் மரியாதை இருக்கிறது. நாலு வருஷம் ஓடாமல் நிலையிலேயே நின்றால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு நீங்களே ஆசைப்பட்டாலும் தேர் நகராது.

இனி "கோடிக்கணக்கு" விஷயம். ஃபெராரியின் 250 ஜி.டி.ஓ. கார் மொத்தமே 36தான் செய்தார்கள், 1962இலிருந்து 64வரை. 2018இல் ஒன்று 48.4 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது, 2023இல் இன்னொன்று 51.7 மில்லியன். இவ்வளவு விலை உள்ளதை எப்படி ரேஸில் விடலாம் என்கிறீர்கள். விலை பின்னால் வந்தது ஐயா. அவை ஓடிய ஓட்டத்தால் வந்தது. பிங்க் ஃபிளாய்டு ராக் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசனிடம் ஒரு ஜி.டி.ஓ. இருக்கிறது. 1962இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த கார். விலை ஏறுவதற்கு ரொம்ப முன்னால், எழுபதுகளிலேயே அவர் வாங்கியது. அன்றிலிருந்து ஓட்டுகிறார், பந்தயத்தில் விடுகிறார், மற்றவர்கள் கையிலும் கொடுக்கிறார். அவரைத் திமிர் பிடித்தவர் என்பீர்களா? கோடிகளைக் கொடுத்து வாங்கி, ஒரு கிடங்கில் பூட்டி, யார் கண்ணிலும் காட்டாமல், விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றி ஒரு கமென்ட்கூட நான் பார்க்கவில்லை. ஊருக்கு முன்னால் ஓட்டிக் காட்டுகிறவனுக்குத் திட்டு, பூட்டி வைப்பவன் பொறுப்பானவன். இது என்ன நியாயம் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

உடைந்தால் போச்சே என்பவர்களுக்கு: அன்றைக்கும் உடைந்தது. இந்தக் கார்கள் பந்தயத்தில் ஓடிய நாட்களில் இடித்தன, புரண்டன, அலுமினியத் தகட்டைத் தட்டி நிமிர்த்தி அடுத்த பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் அப்படித் தட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏன் இருக்கிறார்கள் என்று மேலே சொல்லிவிட்டேன்.

நகல் செய்து ஓட்டலாமே? ஓட்டுகிறார்கள். ஜாகுவார் கம்பெனியே தன் பழைய லைட்வெயிட் ஈ-டைப் பந்தயக் காரில் அன்று செய்யாமல் விட்ட ஆறை 2014க்குப் பிறகு செய்து விற்றது. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அசலை நிறுத்துங்கள் என்று சொல்வதில்தான் சண்டை.

புகை? நான் போகும் அந்த செப்டம்பர் விழாவான குட்வுட் ரிவைவலில் 2024இல் எல்லாப் பந்தயமும் மாற்று எரிபொருளில்தான் நடந்தது. தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

உயிர் விஷயம் மட்டும் வேறு. அதைச் சும்மா தள்ளிவிட்டுப் போக என்னால் முடியாது. 1957 மில்லே மில்லியாவில் குயிதிட்சோலோ ஊர்ப் பக்கம் டி போர்ட்டாகோ என்ற ஓட்டுநரின் ஃபெராரியில் டயர் வெடித்து, அவரும் உடன் இருந்தவரும் வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் செத்தார்கள், அதில் ஐந்து குழந்தைகள். அந்தப் பந்தயம் அதோடு நின்றது. 1977இல் திரும்ப வந்தபோது யார் வேகம் என்ற போட்டியாக வரவில்லை, நேரக் கணக்குப்படி ஓட்டும் ஊர்வலமாக வந்தது. சரியான முடிவு. ஸ்டர்லிங் மாஸின் பந்தய வாழ்க்கையே 1962இல் அதே குட்வுட்டில் நடந்த விபத்தோடு முடிந்தது. 66இல் அங்கே பந்தயத்தையே நிறுத்தி, 98இல்தான் மறுபடி தொடங்கினார்கள். ஆபத்து இல்லை என்று நான் சொல்லவே இல்லை. தெரிந்தே உட்காருகிறார்கள், பார்ப்பவர்களைத் தள்ளி நிறுத்துகிறார்கள். வீடியோவில் அந்த மனிதர் நடந்து போனார். அது உங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லையே, "ஐயோ கார்" என்றுதானே எழுதினீர்கள்? உயிரைப் பற்றிப் பேசினால் நான் கேட்பேன். நீங்கள் பேசியது பணத்தைப் பற்றி.

இப்போது என் நண்பனுக்கு. பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும். "கைதட்ட ஒரு கூட்டம்" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கூட்டத்தில் லாரி ஓட்டுபவர் இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார், பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் தாத்தா இருக்கிறார். அந்த டிக்கெட்டுக்காக மாதக்கணக்கில் காசு சேர்த்து வைப்பவன் நான். குட்வுட்டின் லாவன்ட் வளைவில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவன் எந்த நாடு, எவ்வளவு சம்பளம் என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குப் பேச்சுத் துணை கிடைத்ததே அங்கேதான். அதைத்தான் நீ ஒரு வரியில் கிண்டல் பண்ணிவிட்டாய்.

உன் அப்பாவின் யெஸ்டியை நீயே ரிப்பேர் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைக்கு ஏற்றிக்கொண்டு போய் வீடியோ போடுகிறாய். கிக்கரை உதைத்து, அதையே மடக்கி கியராகப் போட்டு நீ கிளம்புவதை நான் ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பார்க்கிறேன். அது எங்கே திமிர் ஆனது? அந்த வண்டிக்கும் இந்தக் காருக்கும் விலைதான் வேறு. நாளைக்கே கொண்டை ஊசி வளைவில் சறுக்கி டேங்க் நசுங்கினால், "மியூசியத்தில் வைத்திருக்கலாமே" என்று நான் எழுத மாட்டேன். அடி பட்டதா என்று முதலில் கேட்பேன். அப்புறம் டேங்க் நசுங்கலைப் பெயின்ட் போகாமல் எடுக்கத் தெரிந்தவர் சேலத்தில் யார் இருக்கிறார் என்று விசாரித்து நம்பர் அனுப்புவேன்.