யாசுனியும் நம் தோட்டங்களும்

பணக்கார நாடுகள் காலங்காலமாக எண்ணெயை எரித்துவிட்டு, இப்போது ஏழை நாடுகளை எடுக்காதே என்பது என்ன நியாயம்? கோலாலம்பூரில் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். சரியான கேள்விதான். தென்னமெரிக்க நாடான எக்குவடோர் 2007-லேயே அதை உலகத்திடம் கேட்டது. அமேசானில், யாசுனி தேசியப் பூங்காவுக்கு அடியில் சுமார் 85 கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறோம், இழக்கும் வருமானத்தில் பாதியாக 360 கோடி டாலர் கொடுங்கள் என்றார் அதிபர் ரஃபேல் கொரேயா. 2013 வரை கைக்கு வந்தது சுமார் 1.3 கோடி. திட்டத்தைக் கைவிட்டார்கள். 2016-ல் எண்ணெய் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம் 2023 ஆகஸ்டில் பொது வாக்கெடுப்பு. ஏறக்குறைய 59 விழுக்காட்டினர் எண்ணெய் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்கள். வெளியுலகமே வேண்டாமென்று ஒதுங்கி வாழும் தகாயெரி, தாரொமெனானே மக்களின் காடு அது. மனம் நிறைந்த செய்தி.

ஆனால் பூங்கா இருக்கும் ஒரெயானா மாநிலத்தில் பெரும்பான்மையோர் எண்ணெய் தொடரட்டும் என்றுதான் வாக்களித்தார்கள். "பார், அங்கே இருப்பவர்களுக்கே வேண்டுமாம்" என்று இதைக் காட்டி வாதாடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் அப்பா அம்மா காலத்து மலேசிய ரப்பர்த் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். வேலை தோட்டத்துடையது. லயத்து வீடு தோட்டத்துடையது. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையும் அதே நிர்வாகத்துடையது. தோட்டம் வேண்டுமா என்று அன்றைக்கு யாராவது வாக்குப்பெட்டி வைத்திருந்தால், அத்தனை பேரும் வேண்டும் என்றுதான் போட்டிருப்பார்கள். வேறு எங்கே போவது? பிறகு நிலம் வீடமைப்புக்குக் கைமாறியபோது, வேலையோடு வீடும் போனது. இன்று சிலாங்கூரில் அடுக்குமாடிகள் நிற்கும் எத்தனையோ இடங்களின் கதை இதுதான்.

ஒரெயானாவிலும் வேலை, சாலை, ஊராட்சிக்கான பணம் எல்லாம் எண்ணெயை நம்பித்தான். எக்குவடோர் 1972 முதல் அமேசான் எண்ணெயை ஏற்றுமதி செய்கிறது. ஆனாலும் நாட்டின் ஏழை வட்டாரங்களில் ஒன்று அந்தக் காட்டுப் பகுதிதான். இவ்வளவு எடுத்தும் வராத வாழ்வு, இன்னும் எடுத்தால் மட்டும் வந்துவிடுமா?

1910-ல் சரவாக்கின் மிரியில் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டிய நாடு நம்முடையது. நம் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் பணத்தில் வளர்ந்த நாம் எக்குவடோருக்குப் புத்தி சொல்ல முடியாது. ஆனால் பருவநிலை மாநாடுகளில் அவர்களுக்காகக் கேட்க முடியும். எண்ணெயை எரித்துப் பணக்காரர்களான நாடுகள் கொடுக்கும் காசு, தலைநகர் கீத்தோவின் கடனுக்குப் போகாமல் முதலில் ஒரெயானாவுக்குப் போக வேண்டும். வாக்கெடுப்பில் வென்றால் எண்ணெய் எடுப்பதை ஓராண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்றது எக்குவடோர் அரசியலமைப்பு நீதிமன்றம். கிணறுகளை மூட 2029 வரை ஆகும் என்கிறது அந்த அரசு. அதற்குள் அங்கே மருத்துவமனையும், குடிக்கும் தண்ணீரும், எண்ணெயைச் சாராத வேலையும் வந்தாக வேண்டும்.