நத்தையைப் பொறுக்குகிறீர்கள், எலியை யார் பார்ப்பது?

மழை விட்டதும் குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கத்து விளைகளில் (தோட்டங்களில்) ஆப்பிரிக்க நத்தையைப் பற்றித்தான் பேச்சு. வாழைக்குருத்து போச்சு, பப்பாளிக் கன்று போச்சு என்று. பயிர்ச்சேதம் இதில் சின்ன விஷயம் என்பேன். அது சுமக்கும், மனிதரின் மூளையையும் தாக்கும் புழுதான் பெரிய விஷயம்.

எலி நுரையீரல் புழு என்று பெயர். எலி, பெருச்சாளியின் நுரையீரல் தமனிகளில் குடியிருக்கும். அங்கே பொரிக்கும் இளம்புழு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, புழுக்கையோடு வெளியே வரும். நத்தை புழுக்கையைத் தின்னும். அதன் உடம்புக்குள் இரண்டு மூன்று வாரத்தில் புழு தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். அந்த நத்தையை எலி தின்றால் புழு மூளைக்குப் போய் வளர்ந்து, பிறகு நுரையீரலுக்குத் திரும்பும். நத்தையும் எலியும் சேர்ந்தால்தான் இந்தச் சக்கரம் சுற்றும்.

நம் ஊர் நத்தைகளும் இந்தப் புழுவைச் சுமக்கும். ஆனால் 1847-இல் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்ட இந்த வந்தேறி, ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டை வரை இடும். நன்றாகத் தொற்றிய ஒன்றிலேயே ஆயிரக்கணக்கில் இளம்புழு இருக்கும். போதாததற்கு நமக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு; வறட்சியில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு அது தூங்கும் காலம் குறைவு. பெருகிய புழு தவளை, நண்டு, ஆற்றுக் கொஞ்சு (இறால்), உடும்பு என்று பரவும். அவற்றுக்குள் வளராது, காத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் தவளைவாயன் பறவைகளே இதனால் முடங்கி விழுகின்றன. கேரளத்தில் உடும்பைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு மூளையுறை அழற்சி வந்தது மருத்துவப் பதிவில் இருக்கிறது. (உடும்பைப் பிடிப்பதே குற்றம், அது வேறு கதை.)

இருட்டியதும் டார்ச்சோடு இறங்குங்கள், கையுறை கட்டாயம். நனைத்த சாக்குக்கு அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை போட்டு வைத்தால் விடியும்போது அங்கே கூடியிருக்கும். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்த வாளியில் போட்டு, செத்ததும் ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள். உப்பை மண்ணில் தூவினால் வாழைவேருக்குத்தான் கேடு. நசுக்கி விட்டால் எலிக்கு விருந்து. உயிரோடு ஓடையில் வீசினால் அடுத்த ஊருக்கு அனுப்புகிறீர்கள். துருசு (மயில்துத்தம்) கரைசலைக் குளம், ஓடை ஓரத்தில் தெளிக்கவே கூடாது. மீனும் நாட்டு நத்தையும் சேர்ந்து சாகும். மெட்டால்டிஹைடு என்ற நத்தை விஷ உருண்டை நாயைக் கொல்லும். கூம்பு ஓட்டில் பழுப்புக் கோடு ஓடினால் வந்தேறி. தட்டையாக, வட்டமாகச் சுருண்டது நம்முடையது, விட்டுவிடுங்கள்.

எலியைக் கட்டுப்படுத்தாமல் நத்தையை மட்டும் பொறுக்குவது பாதி வேலை. எலி ஒதுங்கும் தேங்காய்த் தொண்டுக் (மட்டை) குவியலையும் கழிவுக் குழியையும் முதலில் ஒழுங்கு பண்ணுங்கள்.

கீரையை இலை இலையாகக் கழுவி நன்றாக வேகவையுங்கள். நத்தையைக் கையால் தொட்டோ, கழுவாத பச்சை இலை தின்றோ ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் குறுகுறுப்பு வந்தால், தொட்டதையும் தின்றதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த யோசனையே வராது.

இந்த நத்தை மலையேறுவது ஊர்ந்து அல்ல, வண்டியில். பேச்சிப்பாறைக்கு மேலே போகும் ரப்பர் கன்று, வாழைக்கன்று, தொழுவுரம் எதுவானாலும் ஏற்றும் முன் பையின் அடியைப் புரட்டிப் பாருங்கள். வெளுத்த மஞ்சளில், ஜவ்வரிசி அளவில் கொத்தாக இருப்பது முட்டை.