ஓம், இடிஞ்ச கட்டடம் பார்க்கத்தான் போனேன்!

இன்று காலையும் லிஃப்டில் அதே கேள்வி. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் லிஃப்ட் நாலு பேரை ஏற்றினாலே முனகும். அதற்குள் ஒருவர் கேள்வி கேட்டால் தப்பி ஓட இடமில்லை. ஐந்தாம் மாடி அன்ரி கையில் வல்லாரைக் கட்டோடு நின்றபடி, "தம்பி, அமெரிக்கா மட்டும் போயும் நயாகரா பார்க்கேல்லையாம். ஏதோ இடிஞ்ச கட்டடத்தைப் பார்த்திட்டு வந்தனீங்களாம். உண்மையே?" என்றார்.

மூன்று மாதமாக இதுதான். முடி வெட்டப் போனால் சலூனில். மீன் வாங்கப் போனால் சந்தையில். பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்ற என்னிடம், கறிக் கரண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒருவர் கேட்டார். "உனக்கு விசரோ?" என்று அவர் வாயால் சொல்லவில்லை. கறி போட்ட விதத்தில் சொன்னார்.

சரி, ஒரு தடவை எழுதித் தொலைக்கிறேன். இனிக் கேட்கிற ஆளுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நான் போனது அலாஸ்காவில் உள்ள கென்னகொட் என்ற செப்புச் சுரங்க ஊருக்கு. 1938இல் கடைசிக் கோச்சி புறப்பட்டதோடு வெறுமையாகிப்போன ஊர். ரங்கல் - செயின்ற் எலையஸ் என்ற தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்கா என்றவுடன் விகாரமகாதேவிப் பூங்கா மாதிரிக் கடலைச் சுருளோடு ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே பெரிய தேசியப் பூங்கா அதுதான், 53,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இலங்கை முழுவதும் சேர்த்தே 65,610தான். அந்தப் பரப்பில் பெரும்பாலும் மலையும் பனியாறும் கரடியும்.

அக்காவின் மகள் அங்கரேஜில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போயிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். கென்னகொட் போக வேண்டும் என்று நான் சொன்ன நிமிடத்திலிருந்தே அத்தானுக்கு முகம் சரியில்லை. சிற்றினா என்ற இடத்தைத் தாண்டினால் அறுபது மைல் கிரவல் பாதை. அது பழைய ரயில் பாதை இருந்த திடல். தண்டவாளத்தை எடுத்துவிட்டு அதன் மேலேயே வாகனம் ஓட விட்டிருக்கிறார்கள். பழைய தண்டவாள ஆணிகள் இன்னமும் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி வந்து டயரைக் கிழிக்குமாம். இதை மருமகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்த அறுபது மைலும் அத்தான் பாதையைப் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை, டயரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். வழியில் 238 அடி பள்ளத்துக்கு மேலே ஒரு இரும்புப் பாலம், 1910இல் கட்டியது. அதன் நடுவில் வைத்து, "தம்பி, இதைவிட அவுட்லெட் மோல் ஒண்டுக்குப் போயிருக்கலாம்" என்றார். அந்த இடத்தில் அப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ.

முடிவில் வாகனத்தையும் விட்டுவிட வேண்டும். ஆற்றைக் கடக்கப் பொதுசனத்துக்கு நடைபாலம்தான். அந்தப் பாலமே 1990களில் வந்தது. அதற்கு முன் கம்பியில் தொங்கும் ஒரு தட்டில் உட்கார்ந்து, கையால் கயிற்றை இழுத்துப் போனார்களாம். அத்தான் தப்பினார்.

ஊருக்குள் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சுரங்கம் மூடி இவ்வளவு காலமாச்சு, இந்த மண்கும்பியை ஏன் இன்னும் அள்ளேல்லை?" பள்ளத்தாக்கு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. எனக்கும் சுரங்கக் கழிவு என்றுதான் பட்டது, பொய் சொல்லக் கூடாது. வழிகாட்டிப் பெண் சிரித்தாள். அது மண் இல்லை, பனியாறு. மேலே கல்லும் மண்ணும் படிந்திருக்கின்றன, உள்ளே முழுக்கப் பனி. சுரங்கம் நடந்த காலத்தில் அது எவ்வளவோ உயரமாக இருந்ததாம். அன்றைக்கு வாசலில் நின்றவன் எதிரே பனிச்சுவரைப் பார்த்திருப்பான். இன்று குனிந்து பள்ளத்தைப் பார்க்கிறோம். அத்தான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்.

கென்னிகொட் என்பது அந்தப் பனியாற்றின் பெயர், ஓர் இயற்கை ஆய்வாளரின் நினைவாக வைத்தது. கம்பனிக்காரர் அதைப் பதிவு செய்யும்போது ஓர் எழுத்து மாறிக் கென்னகொட் ஆகிவிட்டது. பிழை அப்படியே நிலைத்து, பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த கம்பனியின் பெயராகிப் போனது. கொழும்பில் பெயர்ப்பலகைத் தமிழைப் படித்துப் படித்து வளர்ந்தவனுக்கு இது பெரிய அதிசயமா?

இனி அந்த "இடிஞ்ச கட்டடம்". மலைச்சரிவில் பதினாலு மாடி உயரத்துக்கு ஒரு மர ஆலை. சிவப்புப் பூச்சு, வெள்ளை ஜன்னல்கள். 1900இல் இரண்டு பேர் மலையில் பச்சையாகத் தெரிந்த இடத்தைக் குதிரைக்குப் புல் என்று நினைத்துப் போய்ப் பார்த்தார்களாம். புல் இல்லை, செப்பு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஆட்னா மக்களுக்குச் செப்பு முன்பே தெரியும். ஆனால் காசு பார்த்தது நியூயோர்க்கில் இருந்த ஜே.பி. மோர்கனும் குகென்ஹைம் குடும்பமும். அந்த மலையின் நல்ல தாதில் எழுபது வீதம் வரைக்கும் செப்பு. அதைக் கடலுக்குக் கொண்டுபோக 196 மைலுக்கு ரயில் பாதை போட்டு 1911இல் முடித்தார்கள். கொழும்பிலிருந்து வவுனியாவையும் தாண்டிப் போகிற தூரம், பனியாறுகளுக்கு நடுவால்.

ஆலைக்குள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். மேல் மாடியில் தொடங்கி ஒவ்வொரு தட்டாக இறங்கி வருகிறோம், அந்தக் கல் இறங்கிய அதே வழியால். மலையுச்சிச் சுரங்கத்திலிருந்து கம்பியில் தொங்கும் வாளிகளில் கல் வந்து விழும். ஒரு தட்டில் உடைப்பார்கள், அடுத்ததில் சலிப்பார்கள், அதற்கும் கீழே ஆடுகிற மேசைகளில் தண்ணீர் ஓடவிட்டுப் பாரமான செப்பைப் பிரித்தெடுப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா சுளகில் அரிசி புடைக்கிற அதே கணக்கு, பதினாலு மாடிக்கு. கடைசியில் மிஞ்சுகிற கல்லிலும் கொஞ்சம் செப்பு இருக்கும். அதை அமிலம் ஊற்றிக் கரைக்க முடியாது, ஏனென்றால் செப்பு இருப்பது சுண்ணாம்புக்கல்லில். அமிலத்தையெல்லாம் சுண்ணாம்பே குடித்துவிடும். அதனால் அமோனியாவால் கரைத்து எடுத்தார்களாம்.

சுண்ணாம்புக்கல் என்றதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அத்தான் மூன்றாவது தட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "கள்ளுத்தவறணையாவது இருந்ததோ?" என்று கேட்டார். இல்லை. கம்பனி ஊருக்குள் குடிக்கத் தடை. அதனாலேயே சில மைல் தள்ளி மெக்கார்தி என்று இன்னோர் ஊர் முளைத்தது, குடிக்கவும் காசைத் தொலைக்கவும். வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்தவனுக்கு வேறு போக்கிடம்? அத்தான் முழுமனதோடு கேட்ட ஒரே தகவல் இதுதான்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். கொழும்பில் பழசு என்றால் எங்களுக்கு இரண்டே வேலைதான் தெரியும். ஒன்று, இடித்து ஃப்ளாட் கட்டுவது. எங்கள் ஒழுங்கையில் போன வருஷம் வரைக்கும் ஓட்டு வீடு ஒன்று இருந்தது, வாசலில் கறுத்தக்கொழும்பான் மாமரத்தோடு. இன்று அந்த இடத்தில் தகர வேலி, அதில் நீச்சல் குளப் படம். இன்னொரு வேலை, வெள்ளையடித்துக் கடையாக்குவது. கோட்டையில் டச்சுக்காரன் கட்டிய ஆசுபத்திரியில் இப்போது நண்டு சாப்பிடலாம். சுதந்திரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காலம் மனநோயாளரை வைத்திருந்த கட்டடம் 2014இலிருந்து ஆர்கேட், ஐஸ்கிரீம் குடிக்கலாம். இடிக்காமல் விட்டதே பெரிய காரியம், ஒத்துக்கொள்கிறேன். நானும் அங்கே குடித்திருக்கிறேன், வெனிலா. ஆனால் இந்தத் தாழ்வாரத்தில் யார் படுத்திருந்தார்கள், எந்த வாசலால் கொண்டுவந்தார்கள் என்று நான் போன நாளில் சொல்ல ஒரு மனிதன் இல்லை. கேட்டதற்குக் காவலாளி கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார்.

அமெரிக்காக்காரன் மட்டும் திறமோ? இல்லை. 1960களின் கடைசியில் கென்னகொட்டையும் இடித்துத் தள்ளச் சொல்லித்தான் காணிக்குச் சொந்தக்காரக் கம்பனி உத்தரவு போட்டது. யாராவது விழுந்து கைகால் முறித்தால் தங்கள் தலையில் விடியும் என்ற பயம். கொஞ்சத்தை இடித்தார்கள், மிச்சம் அரைகுறையில் நின்றது. அப்படிப்பட்ட தூரத்தில் இருந்ததும் அந்த ஊரைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம். காலி வீதியில் இருந்திருந்தால் இன்றைக்கு அங்கே நீச்சல் குளம். 1986இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கினார்கள், 1998இல் பூங்காத் துறை வாங்கியது. எல்லாவற்றையும் புதுப்பிக்கவில்லை. சிலவற்றுக்கு விழாமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், சில தன்பாட்டில் சாய்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் என்ன, அதில் யார் நின்றார்கள் என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூச்சு விடாமல் இரண்டு மணித்தியாலம் சொன்னாள்.

காங்கேசன்துறை சீமெந்து ஃபக்டரியைப் பற்றி அப்படிச் சொல்ல எங்களிடம் யார் இருக்கிறார்கள்?

அப்பா அங்கேதான் வேலை செய்தவர், கல் அரைக்கிற பகுதியில். ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல் தொடங்கிய ஃபக்டரி. பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி, அங்கேயே அரைத்து, சுட்டுச் சீமெந்தாக்கினார்கள். அப்பா பின்னேரம் சைக்கிளில் வரும்போது புருவமெல்லாம் நரைத்திருக்கும். குளித்துவிட்டு வந்தால் பத்து வயது குறைந்திருப்பார். எங்கள் ஓட்டுக் கூரையும் முற்றத்து வாழையிலையும் அதே சாம்பல்தான். 1990இல் சண்டையோடு எல்லாம் நின்றது. வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது, நாங்களும்தான். அதன் பிறகு அப்பா அந்த வாசலை மிதிக்கவில்லை. 2015இல் கோச்சி மறுபடி காங்கேசன்துறை வரைக்கும் ஓடத் தொடங்கிய பிறகு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போனேன். வாசலில் நின்றவர் உள்ளே விட முடியாது என்றார். ஏன் என்று கேட்டேன். "உள்ள ஒண்டுமில்லை, இடிஞ்ச கட்டடம்தான்" என்றார்.

இப்போது விளங்குகிறதா, ஐந்தாம் மாடி அன்ரி? கறிக் கரண்டி அண்ணை, உங்களுக்கு?

அலாஸ்காவிலிருந்து வந்த அன்றிரவு அம்மாவுக்கு ஃபோனில் படங்களைக் காட்டினேன். அவவுக்கு எண்பத்திரண்டு. இவ்வளவு சனத்துக்குள் நயாகராவைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தா. உத்தியோகத்தர் வீடுகள், ஆசுபத்திரி, ஆலை. பிறகு கேட்டா:

"கடைசிக் கோச்சியில சாமான் ஏத்த விட்டவங்களே?"

"கனக்க விட்டிட்டுத்தான் போனவையாம், அம்மா."

"ம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "கல் அரைக்கிற இடம் எது? அதைப் பெருசாக்கிக் காட்டு."

காட்டினேன். இரும்புச் சில்லுகளும் பட்டிகளும் கிடக்கிற ஒரு தட்டு, நடுவில் நான் நிற்கிறேன், பின்னால் ஜன்னலால் வெளிச்சம் வருகிறது. அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், என்றா.

நேற்றுப் பின்னேரம் காலி வீதியில் உள்ள ஸ்ரூடியோ ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பொடியன் படத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றி, முகத்தைப் பெரிதாக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"அங்கிள், பின்னால கிடக்கிற அந்தப் பழைய இரும்பெல்லாத்தையும் அழிச்சு விடட்டே? முகம் நல்ல கிளியரா வரும்."