ஒரே மெட்டு, இரண்டு பேர்

நேற்று ராத்திரி பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தெமியின் 'லே தெமுவாசெல் த ரோஷ்ஃபோர்' (1967) மறுபடி பார்த்தேன். கலர் கலராக உடை, தெருவெல்லாம் ஆட்டம், வாயைத் திறந்தால் பாட்டு, இதையெல்லாம் பார்த்துவிட்டு நல்ல ரசனை உள்ளவர்களே "ஜாலியான படம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. ஏக்கத்தை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்த படங்கள் குறைவு.

கதை ரோஷ்ஃபோர் என்ற ஊரில் நடக்கிறது. மக்ஸான்ஸ் அங்கே கடற்படையில் இருக்கிறான். பார்த்தே இராத ஒரு பெண்ணை மனசில் வைத்து வரைகிறான். அந்த ஓவியம் அதே ஊர் கேலரியில் தொங்குகிறது, அச்சு அசலாக அங்கேயே இருக்கும் டெல்ஃபின் என்ற பெண். அவளும் அதைப் பார்த்துவிட்டு வரைந்தவனை நினைத்து ஏங்குகிறாள். அவன் தினமும் வந்துபோகும் கஃபேயை நடத்துவதே அவளுடைய அம்மாதான், ஆனாலும் இருவரும் சந்திப்பதில்லை. இங்கேதான் இசையமைப்பாளர் மிஷேல் லெக்ரான் ஒரு வேலை செய்கிறார். மக்ஸான்ஸ் பாடிய அதே மெட்டை, வேறு வார்த்தைகளில், டெல்ஃபின் பாடுகிறாள். ஆட்கள் சந்திக்கும் முன்பே பாட்டு சந்தித்துவிட்டது. முதல் தடவை இதைக் கவனித்தபோது படத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா இவோன் கதை இன்னொன்று. அவள் காதலித்தவர் பெயர் சிமோன் தாம். கட்டிக்கொண்டால் 'மதாம் தாம்' (பிரெஞ்சில் 'திருமதி அம்மணி' என்பதுபோல) ஆகிவிடுவோமே என்ற கூச்சத்தில் அவரை விட்டு வந்துவிட்டாள். அவள் மெக்ஸிகோவில் இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் இசைக்கருவிக் கடை வைத்திருப்பதோ இதே ரோஷ்ஃபோரில். கேட்டால் சிரிப்பு வரும், சரி, ஆனால் இவோனாக வரும் தானியேல் தாரியோ அதைப் பாடும்போது முகத்தைப் பாருங்கள். ஒரு பெயருக்காகப் பத்து வருடம் போய்விட்டது. முக்கிய நடிகர்களில் சொந்தக் குரலில் பாடியவர் அவர் மட்டும்தான், மற்றவர்களுக்கு நம் படங்களைப் போலவே பின்னணிக் குரல்.

டெல்ஃபினும் அவளுடைய இரட்டைச் சகோதரியுமாக வரும் கத்ரீன் தெனவ், ஃபிரான்சுவாஸ் தோர்லெயாக் நிஜத்திலும் அக்கா தங்கைதான். படம் வந்த அதே வருடம் ஜூனில் ஃபிரான்சுவாஸ் நீஸ் அருகே கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. இருவரும் சேர்ந்து பாடும் காட்சியில் என் கண் அவரைவிட்டு நகர்வதில்லை.

அப்புறம் அந்த முடிவு. பாரிஸுக்குக் கிளம்பும் வண்டிகளில் ஒன்றை மக்ஸான்ஸ் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொள்கிறான். டெல்ஃபின் உள்ளே இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். வண்டி நகர்கிறது, அவ்வளவுதான், அவர்கள் பார்த்துக்கொள்வதைத் தெமி காட்டவே இல்லை. ஏமாற்றிவிட்டார் என்று ஒரு நண்பர் கோபப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கதவு சாத்தியபிறகு உள்ளே யார் முதலில் பேசியிருப்பார்கள் என்று இன்று காலை பஸ்ஸிலும் யோசித்துக்கொண்டே வந்தேன்.