ஏபிஎம் எண்ணிக்கையும் ஆட்டத்திறனும் ஒன்றல்ல

ஸ்டார்கிராப்ட் 2 என்ற கணினிப் போர் வியூக ஆட்டத்தில், நிமிடத்துக்கு எத்தனை கட்டளைகள் இடுகிறோம் என்ற ஏபிஎம் கணக்கு உயர்ந்தால் திறமையும் தானாக உயரும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, புதிதாக ஆட வருவோரைத் தவறான பயிற்சிக்குத் தள்ளிவிடும். 2019 ஜனவரியில் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் வெளியிட்ட ஆட்டங்களில், தானே ஆடும் அதன் ஆல்பாஸ்டார் நிரல் சராசரியாக ஏறத்தாழ 280 ஏபிஎம் கொண்டே, 390 அளவில் ஆடிய தொழில்முறை வீரர் மானாவையும் 678 அளவில் ஆடிய இன்னொரு தொழில்முறை வீரர் டிஎல்ஓவையும் தலா 5-0 என்று வென்றது. டிஎல்ஓவின் எண்ணிக்கை அவ்வளவு பெருகியதற்கு, விசையை அழுத்திப் பிடித்தாலே ஒரே கட்டளை திரும்பத் திரும்பப் பதிவாகும் அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

வேகம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். சண்டையின் நடுவே அடிபட்ட ஸ்டாக்கர் என்ற போர் அலகுகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தாவச் செய்ய விரல்வேகம் கட்டாயம் தேவை. ஆல்பாஸ்டாரும் அத்தகைய தருணங்களில் மனிதக் கைக்கு எட்டாத துல்லியத்தைக் காட்டியது. ஆனால் பின்னர் நேரலையில் நடந்த ஆட்டத்தில், மானா இம்மார்ட்டல் என்ற போர் அலகுகளை வார்ப் பிரிசம் என்ற பறக்கும் ஊர்தியில் ஏற்றி நிரலின் தளத்தருகே இறக்குவதும் தூக்குவதுமாக அலைக்கழிக்க, அதன் பெரும்படை ஒவ்வொரு முறையும் பாதி வழியில் திரும்பி ஓடியது. அந்த அவகாசத்தில் அவர் தன் படையைப் பெருக்கி வென்றார்.

ஆகவே புதியவர்களிடம், ஆட்டத்தின் பதிவான ரீப்ளேயில் ஏபிஎம்மைப் பார்ப்பதற்கு முன், செலவழிக்காத மினரல் என்ற மூலவளம் எவ்வளவு குவிந்தது, படை அளவின் வரம்பை உயர்த்தும் பைலான் கட்டடத்தைக் கட்டத் தாமதித்ததால் உற்பத்தி எப்போது நின்றது என்று பார்க்கச் சொல்லுங்கள்.